காலிப் பள்ளி என்றால் காலி மனையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மும்பையில் எங்கள் தெருவில் சைக்கிளில் இட்லி விற்கும் அண்ணாச்சியோடு வார்டு ஆபீஸுக்குப் போயிருந்தேன். நடைபாதையில் நின்று விற்றார் என்று சைக்கிளையும் பானையையும் சேர்த்து வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள், அபராதம் கட்டி மீட்க வேண்டும், மராத்தியில் பேச ஓர் ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார். பணம் கட்டி ரசீதும் வாங்கியாகிவிட்டது. பொருள் எங்கே என்று கேட்டால், ரசீது எழுதியவர் தலையைத் தூக்காமலே "ஷாலேச்யா மைதானாத்" என்றார். பள்ளிக்கூட மைதானத்தில். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்கத் தேவையே இல்லை, எங்கள் பக்கத்தில் மைதானம் உள்ள பள்ளிக்கூடம் ஒன்றே ஒன்றுதான், அது நான் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை படித்த முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளி. அண்ணாச்சியின் மகனும் அங்கேதான் படித்தான்.

கேட்டைத் திறந்துவிட்ட வாட்ச்மேன், நீங்களே தேடி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நாற்காலிக்குத் திரும்பிவிட்டார். சக்கரம் மேலே பார்க்கக் கவிழ்த்துப் போட்ட கைவண்டிகள், ஒன்றின்மேல் ஒன்றாகத் தராசுகள், கிழிந்த குடைகள், கரும்புச் சாறு பிழியும் இயந்திரம் ஒன்று, சுவரோரம் தண்ணீர்க் குழாய்கள், பேவர் பிளாக் குவியல். பாதாம் மரம் மட்டும் அப்படியே நிற்கிறது. அதன் கிளையில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும், அதுதான் எங்கள் மணி, பியூன் மாமா இரும்புக் கம்பியால் ஓர் அடி அடித்தால் இரண்டு சால், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பு, தாண்டிக் கேட்கும். அது இன்னும் தொங்குகிறது. அந்தக் கிளைக்கும் ஜன்னல் கம்பி ஒன்றுக்கும் நடுவே கயிறு கட்டி யாரோ லுங்கி காயப் போட்டிருந்தார்கள். சைக்கிள் கிடைத்தது, பானை கிடைத்தது, பானை மூடி கிடைக்கவில்லை. மூடி இல்லாத இட்லிப் பானையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று அண்ணாச்சி வழி நெடுகப் புலம்பிக்கொண்டே வந்தார்.

பள்ளியின் எண்ணையும் வார்டையும் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. யாரோ ஓர் அதிகாரியை மாட்டிவிடுவது என் நோக்கம் இல்லை, தவிர இது எங்கள் ஒரு வார்டின் கதை மட்டும்தான் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

நடந்தது இதுதான். கட்டடத்தை சி-1 வகை என்று அறிவித்தார்கள், அதாவது ஆட்களை வெளியேற்றி இடித்தே ஆக வேண்டிய அபாயக் கட்டடம். அதில் எனக்குச் சண்டை இல்லை, மழைக்காலத்தில் கூரைப் பூச்சு பெயர்ந்து பெஞ்சின்மேல் விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். மிச்சமிருந்த பிள்ளைகளை ஹைவேக்கு அந்தப் பக்கம் உள்ள இன்னொரு பள்ளிக்கு மாற்றினார்கள். கட்டடத்தில் பெரும்பகுதியை இடித்தார்கள். புதுக் கட்டடம் வரும், மைதானத்தோடு வரும் என்று அன்றைய நகர்சேவகர், அதாவது எங்கள் வார்டு கவுன்சிலர், கணபதி பந்தலில் மைக் பிடித்துச் சொன்னார், நாங்களும் கை தட்டினோம். கொஞ்ச நாளில் குழாய்கள் வந்தன, தற்காலிகம் என்றார்கள். அப்புறம் பேவர் பிளாக், அதுவும் தற்காலிகம். அப்புறம் பிடிபட்ட கைவண்டிகள். இப்போது என்ன பேச்சு என்றால், துப்புரவுத் தொழிலாளர்கள் உடை மாற்றி ஓய்வெடுக்க ஒரு சௌக்கி, வார்டுக்கு ஒரு ஸ்டோர், அதற்கு மேலே அடுக்கு பார்க்கிங் என்று மொத்த இடத்தையும் பொது நகராட்சிப் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். பள்ளிதான் காலியாகிவிட்டதே, நிலம் சும்மாதானே கிடக்கிறது, மாநகராட்சி நிலத்தை மாநகராட்சி உபயோகித்தால் உங்களுக்கு என்ன என்று கேட்கிறார்கள். வார்டு ஆபீஸில் கேட்டால் பரவாயில்லை, நம் ஆட்களே கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது அடுத்த வாரம் உங்கள் பத்திரிகையிலேயே எழுதி என் மானத்தை வாங்குவார்கள். அந்தத் தமிழ்ப் பள்ளியைக் காலி செய்தது வார்டு ஆபீஸ் இல்லை, நாங்கள்தான். என் மகளை நான் அங்கே சேர்க்கவில்லை. கான்வென்ட்டில், வட்டிக்குக் கடன் வாங்கி டொனேஷன் கட்டிச் சேர்த்தேன். என்னோடு படித்தவர்களில் பிள்ளையை முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பியவர்கள் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல் போதும். மாநகராட்சி இலவசமாக 27 வகைப் பொருள் கொடுத்தது, பை முதல் செருப்பு வரை, மதியம் கிச்சடியும் போட்டது, ஆனாலும் நாங்கள் அனுப்பவில்லை. ஏழாம் வகுப்போடு தமிழ் முடிந்துவிடும், அதற்கு மேல் பிள்ளை எங்கே போகும் என்ற கேள்விக்கு ஒழுங்கான பதில் இருந்ததில்லை, அது உண்மைதான், ஆனால் அந்தப் பதிலைக் கேட்டு நாங்கள் யாரும் ஒரு மனுகூடக் கொடுத்ததில்லை என்பதும் உண்மை. ஆகவே, தமிழ் அழிகிறது, பள்ளியை மூடிவிட்டார்கள் என்று இப்போது வந்து மார்பில் அடித்துக்கொள்ள எனக்கு வாய் இல்லை.

ஆனால் தமிழ் வகுப்புக்கு ஆள் வரவில்லை என்பதற்கும் எங்கள் பகுதியில் பிள்ளைகளே இல்லை என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். காலை ஆறே முக்காலுக்கு எங்கள் சந்து முனையில் வந்து நின்று பார்த்தால் தெரியும், ஒரு ரிக்‌ஷாவில் எத்தனை பிள்ளைகளை அடைக்கிறார்கள் என்று. எனக்குப் பக்கத்து அறையில் இருக்கும் பாட்டி, தன் பேத்தியைக் கையைப் பிடித்து ஹைவே தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டு, பள்ளி விடும்வரை அங்கேயே ஒரு கடை வாசலில் உட்கார்ந்திருந்து கூட்டிக்கொண்டு வருகிறார், இரண்டு முறை போய்வர முழங்கால் ஒத்துழைக்காதாம். ஐந்தாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைக்கு 1 கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்துக்கு இந்த மாநிலம் வகுத்த விதி. வரைபடத்தில் நேர்கோடு போட்டால் அந்தப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள் வந்துவிடும் என்று வைத்துக்கொள்வோம், நடுவே ஹைவே ஓடுவது கோட்டுக்குத் தெரியுமா?

இன்னொன்று. மாநகராட்சிப் பள்ளி என்றாலே ஜனங்கள் வேண்டாம் என்கிறார்கள் என்பதும் பழைய கதையாகிவிட்டது. 2020-இல் ஜோகேஸ்வரி பூனம் நகரில் மாநகராட்சி சி.பி.எஸ்.இ. பள்ளி தொடங்கியது, அடுத்த வருடம் இன்னும் பல இடங்களில் தொடங்கியபோது இருக்கிற இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாகிக் குலுக்கல் போட்டுச் சேர்த்தார்கள். முனிசிபாலிட்டி ஸ்கூலுக்குக் குலுக்கல்! என் அப்பா இருந்து கேட்டிருந்தால் சிரித்திருப்பார். அப்படி ஒரு பள்ளியை எங்கள் மைதானத்தில் கட்டட்டும், அதில் தமிழை ஒரு பாடமாக வைத்தால் சந்தோஷம், வைக்காவிட்டாலும் பிள்ளைகளுக்குப் பள்ளி பள்ளிதான். அந்தப் பிள்ளைகளில் தமிழர் எத்தனை, உத்தரப் பிரதேசத்துக்காரர் எத்தனை, மராத்தியர் எத்தனை என்று நான் எண்ணிக்கொண்டிருக்கப் போவதில்லை. நாங்கள் படித்தபோதே கீழ்த்தளத்தில் தமிழ், மாடியில் ஹிந்தி, மதிய ஷிப்டில் மராத்தி என்று ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள்தான் நடந்தன. சண்டை வந்தது மைதானத்தில் யார் முதலில் ஸ்டம்பு நடுவது என்பதற்காக மட்டும்தான்.

சரி, சட்டத்துக்கு வருவோம். எனக்குச் சட்டம் தெரியாது, கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன், ஆனால் காகிதம் படிக்கத் தெரியும். தொடக்கக் கல்விக்குப் பள்ளி நடத்துவது 1888-ஆம் வருட மும்பை மாநகராட்சிச் சட்டத்தில் 61-ஆவது பிரிவில் வருகிறது, அந்தப் பிரிவில் இருப்பவை கட்டாயக் கடமைகள், முடிந்தால் செய்யலாம் என்கிற பட்டியல் வேறு பிரிவு. அதேபோல நகரத்தின் ஒவ்வொரு மனையும் எதற்கு என்பதை வளர்ச்சித் திட்ட வரைபடத்தில் குறித்திருக்கிறார்கள், இப்போது நடப்பில் இருப்பது 2018 மே மாதம் மாநில அரசு ஒப்புதல் கொடுத்த, 2034 வரைக்குமான திட்டம். சி.டி.எஸ். எண், அதாவது மனையின் நில அளவை எண், தெரிந்தால் எவரும் டி.பி. ரிமார்க், அதாவது அந்த மனை திட்டத்தில் எதற்கு என்று சொல்லும் காகிதம், எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம், நானும் எடுத்தேன், எங்கள் மனையில் நகராட்சிப் பள்ளி என்றுதான் இருக்கிறது. அதை வேறொன்றாக மாற்ற வேண்டுமானால் 1966-ஆம் வருட எம்.ஆர்.டி.பி. சட்டத்தின், அதாவது மகாராஷ்டிர வட்டார, நகரத் திட்டமிடல் சட்டத்தின், 37-ஆவது பிரிவுப்படி அரசிதழில் அறிவிப்புப் போட வேண்டும், ஆட்சேபம் சொல்ல ஜனங்களுக்கு ஒரு மாதம் கொடுக்க வேண்டும், சொன்னவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், அப்புறம் மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். ஒரு சௌக்கி கட்டுவதற்கு இவ்வளவா என்று தோன்றும். இவ்வளவு இருப்பதால்தான் இந்த ஊரில் கொஞ்சமாவது மைதானம் மிஞ்சியிருக்கிறது.

தந்திரம் எங்கே இருக்கிறது என்றால், இதில் எதையும் செய்யாமலே நிலத்தை மாற்றிவிட முடியும். வரைபடத்தில் பள்ளி பள்ளியாகவே இருக்கும். தரையில் குழாய் வந்து இறங்கும், தற்காலிகம் என்பதால் அறிவிப்பு வேண்டியதில்லை, ஆட்சேபம் வாங்க வேண்டியதில்லை, கல்வித் துறை ஒரு கடிதம் கொடுத்தால் போதும், சில நேரம் அந்தக் கடிதமும் வாய்மொழிதான். பத்து வருடம் போனால் ஒருநாள் அறிவிப்பு வரும், அப்போது காரணம் என்ன எழுதியிருக்கும் தெரியுமா, இந்த இடம் நீண்ட காலமாக ஸ்டோராகத்தான் பயன்பாட்டில் இருக்கிறது, பள்ளிக்கான தேவை எழவில்லை என்று. எப்படி எழும்? கேட்டைப் பூட்டி உள்ளே பேவர் பிளாக் அடுக்கினால் தேவை எந்த வழியாக வரும்? எங்கள் மைதானம் இப்படிப் போனதில் இன்னொரு கணக்கும் உண்டு. 2022 மார்ச்சில் மாமன்றத்தின் காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் நடக்க 2026 ஜனவரி ஆகிவிட்டது. கிட்டத்தட்ட நாலு வருடம் நகர்சேவகரும் கிடையாது, கல்விக் குழுவும் கிடையாது, நிர்வாகி வைத்ததுதான் சட்டம், ஒரு கைவண்டி உள்ளே வந்தால் ஏன் வந்தது என்று கேட்க மன்றத்தில் ஆள் இல்லை. கைவண்டிகள் எல்லாம் அந்த நாலு வருடத்தில் வந்தவைதான்.

நான் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, மூன்றே கேள்வி கேட்டேன்: இந்த நிலம் எந்தத் துறையின் பொறுப்பில் இருக்கிறது, குழாய் வைக்க யார் எழுத்தில் அனுமதி கொடுத்தார்கள், எந்தத் தேதி வரை. முதல் கேள்விக்குக் கல்வித் துறை என்று பதில் வந்தது. இரண்டாவதுக்கு வேறு துறையைக் கேட்கவும். மூன்றாவதுக்கு, காலவரம்பு குறித்த தகவல் பதிவேட்டில் இல்லை. தேதியே இல்லாத ஒன்றுக்குத் தற்காலிகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், வீட்டு வாடகைக்குப் பதினொரு மாத ஒப்பந்தம் போடாமல் நம்மை உள்ளே விடுவார்களா?

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். துப்புரவுத் தொழிலாளர்களுக்கு சௌக்கி வேண்டும் என்பதை நான் மறுக்கவே மாட்டேன். எங்கள் தெருவைக் கூட்டுகிற அம்மாக்கள் உடை மாற்றுவது ஒரு டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால், இரண்டு பேர் சேலையை விரித்துப் பிடிக்க ஒருவர் மாற்றுகிறார், பார்க்கிறவனுக்குக் கூச்சமாக இருக்கிறது. மருந்தகமும் வேண்டும், 2022-இல் தொடங்கிய மாநகராட்சி மருந்தகங்களான ஆப்லா தவாகானாக்களில் பல இடமில்லாமல் போர்ட்டா கேபினில்தான் நடக்கின்றன. புதுப் பள்ளிக் கட்டடத்தின் தெருவோரத் தரைத்தளத்தில், பிள்ளைகள் வரும் வழிக்குக் குறுக்கே வராமல், ஒரு மருந்தகத்தையும் ஒரு சௌக்கியையும் சேர்த்துக் கட்டினால் நான் முதல் ஆளாகப் போய்த் தேங்காய் உடைப்பேன். பள்ளி இருக்கட்டும், அதோடு ஒட்டிக்கொண்டு மற்றதும் இருக்கட்டும். எனக்குக் கசப்பது ஸ்டோரும் பார்க்கிங்கும்தான். கார் வைத்திருப்பவன் பார்க்கிங்கைத் தன் செலவில் தேடிக்கொள்ளட்டும், எங்கள் சால் வரிசையில் கார் எத்தனை பேரிடம் இருக்கிறது? குழாய் அடுக்குவதற்கு ஹைவே மேம்பாலத்துக்கு அடியில் எவ்வளவோ இடம்.

பொதுப் பயன்பாடு என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்கு 2005 ஜூலை 26 ஞாபகம் வரும். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. எங்கள் சந்தில் இடுப்பளவு தண்ணீர், அதில் என்னவெல்லாம் மிதந்தது என்று எழுதினால் காலையில் பேப்பர் படிக்கிறவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. அன்று ராத்திரி எல்லாரும் ஏறி உட்கார்ந்தது அந்தப் பள்ளியின் மாடியில்தான். ஹிந்தி வகுப்பறையில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் பெரிய தேக்சா வைத்து, யார் வீட்டு அரிசி, யார் வீட்டுப் பருப்பு என்று தெரியாமல் ஒரு கிச்சடி கிண்டினோம். சாவி பியூன் மாமாவிடம் இருந்தது, அவர் வீடு பின்னாலேயே இருந்ததால் நடுராத்திரியில் பூட்டைத் திறக்க ஆள் இருந்தது. எந்தத் தேர்தலுக்கும் வாக்குச்சாவடி அதுதான், போலியோ சொட்டு மருந்தும் அங்கேதான், ஞாயிற்றுக்கிழமை கபடியும் அங்கேதான், யார் வீட்டிலாவது கல்யாணம் என்றால் மைதானத்தில் சாமியானா. பள்ளியாக இருந்தபோது அந்த நிலம் ஊருக்கு இல்லாமலா இருந்தது? பொதுப் பயன்பாட்டுக்கு என்று எடுத்த பிறகுதான் கேட்டில் பூட்டு ஏறியிருக்கிறது, இட்லிப் பானையை மீட்கப் போகிறவன்தான் இப்போது உள்ளே போக முடிகிறது.

நான் கேட்பது அதிகம் இல்லை. புதுக் கட்டடத்துக்குப் பணம் ஒதுக்குகிற வரைக்கும் குழாயையும் வண்டியையும் அப்புறப்படுத்திவிட்டு, காலையும் மாலையும் இரண்டு மணி நேரம் கேட்டைத் திறந்துவிடட்டும். அதுவரை எந்தச் சாமானை அங்கே வைத்தாலும், எந்தத் துறை, எந்தத் தேதி வரை என்று கேட்டில் ஒரு போர்டு எழுதட்டும், சி.டி.எஸ். எண்ணும் திட்டத்தில் அந்த மனை எதற்கு என்பதும் அதே போர்டில் இருக்கட்டும், பெயின்ட் செலவு எங்கள் பழைய மாணவர்கள் பொறுப்பு. வரைபடத்தை மாற்றியே தீருவோம் என்றால் ஒளிவுமறைவு இல்லாமல் 37-ஆவது பிரிவில் அறிவிப்புப் போடட்டும், நாங்கள் வந்து சொல்வதைச் சொல்கிறோம். சொன்னால் நடக்குமா என்று சலித்துக்கொள்பவர்களுக்கு ஒரு செய்தி: இதே 2034 திட்டத்தின் முதல் வரைவு 2015 பிப்ரவரியில் வந்தது, இருக்கிற கட்டடங்களுக்கு நடுவே ரோடு போட்டிருந்தார்கள், ஜனங்கள் ஆயிரக்கணக்கில் ஆட்சேபம் எழுதினார்கள், ஏப்ரலிலேயே முதலமைச்சர் அதை ரத்து செய்து திரும்ப வரையச் சொன்னார். அந்த ஆட்சேபம் எழுதியவர்களில் தமிழர்கள் எத்தனை பேர் என்று எனக்கு ஒரு சந்தேகம், அந்தச் சந்தேகத்தில்தான் உங்களிடம் வருகிறேன்.

இந்த மாதிரி அறிவிப்புகள் மராத்தியிலும் ஆங்கிலத்திலும், பத்திரிகையின் உள்பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற எழுத்தில் வரும். எங்கள் சாலில் காலையில் வாங்கப்படுவது உங்கள் பத்திரிகை. தாராவியிலும், சயான் கோலிவாடாவிலும், ஆன்டாப் ஹில்லிலும், செம்பூரிலும் அப்படித்தான். ஒரு மாத அவகாசம் என்பது நமக்கு விஷயம் தெரிகிற அன்றைக்கு முடிந்துபோயிருக்கும். மும்பையில் பள்ளி, மைதானம், மருந்தகம் என்று குறித்திருக்கிற நிலத்தை மாற்றுவதாக அறிவிப்பு வந்தால், எந்த இடம், சி.டி.எஸ். எண் என்ன, ஆட்சேபம் எந்தத் தேதிக்குள், எந்த ஆபீஸில் கொடுக்க வேண்டும் என்று நாலு வரி தமிழில் போடுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் போட்டால்கூடப் போதும், ராசிபலன் பக்கத்துக்குக் கீழே போட்டால் நிச்சயம் எல்லாரும் படிப்பார்கள். அரசிதழையும் மராத்திப் பத்திரிகைகளையும் பார்த்துத் தமிழில் எழுதித் தருகிற வேலையை எங்கள் பழைய மாணவர்களில் மூன்று பேர் ஏற்றுக்கொள்கிறோம், சம்பளம் வேண்டாம். நீங்கள் சரி என்றால் வருகிற திங்கட்கிழமையே முதல் கட்டு உங்கள் ஆபீஸுக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு பழைய மாணவன்,
மும்பை